சிவப்புத் தண்ணீர் போன வழி

சேவுகம்பட்டி
11 பிப்ரவரி 2024

அக்காவுக்கு அய்யனார் எழுதுவது.

என் நம்பரை நீ தடுத்து வைத்து இரண்டு வருஷமாகிறது. அதனால் தபாலில் எழுதுகிறேன். ஒச்சம்மாளின் கை கூடிவிட்டது, குடம் தூக்குகிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தாள்" என்று நீ சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். "புருஷன் முறித்தான்" என்று டாக்டரிடம் சொன்னாய். அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

நம் தோட்டத்து ஆழ்துளைப் போர் வற்றுகிறது. போன வருஷம் வரை சம்பங்கி முழுதும் பாய்ந்த தண்ணீர் இப்போது நாலு பாத்திக்குப் போதவில்லை. மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் சங்கிலி புது போர் போட்டதிலிருந்து இப்படி. கல்லெறி தூரம்கூட இல்லை. ரிக் வண்டி அங்கே துளை போட்டபோது இங்கே என் குழாய் அதிர்ந்தது. ஒச்சம்மாளின் அண்ணன் பாக்கியராஜ் மச்சானும் அதையேதான் சொல்கிறார். "அவன் வந்துதான் ஒன் தண்ணி போச்சு, விடாத" என்கிறார். தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிற அவருக்கு இதில் என்ன வந்தது? எனக்காகத்தான் சொல்கிறார்.

நீ எண்ணெய்க் கிணறுகளுக்குக் கணக்குப் போடுகிறவள். பாறையில் எந்த வெடிப்பு வழியாக எது எங்கே ஓடுகிறது என்று கம்பெனி உன்னிடம்தான் கேட்கிறது. சங்கிலியின் போர்தான் என் தண்ணீரை எடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உன் படிப்பையும் பேரையும் போட்டு அனுப்பு. ஊர்க்கூட்டத்தில் வைக்க வேண்டும். அதற்கும் அவன் அசையாவிட்டால் வேறு விதமாகப் பேசிக்கொள்கிறேன்.

அய்யனார்

*

வதோதரா
19 பிப்ரவரி 2024

அய்யனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "வேறு விதமாக" என்று நீ எழுதுவதன் பொருள் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் ஒச்சம்மாளின் மணிக்கட்டு முறிந்தது.

நீ கேட்ட தாளை என்னால் தர முடியாது. உன் மேலுள்ள கோபத்தால் அல்ல. எனக்குத் தெரியாது என்பதால்.

கணினிக்குள் பாறையைக் கட்டுவது என் வேலை. ஒரே பாறையை இரண்டாகப் பிரித்துக் கட்டுவோம். ஒன்று கல்லின் உடம்பு. அது எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும், மெதுவாகத்தான் விடும். மற்றது வெடிப்புகள், அவை தேக்குவதில்லை, ஓடவிடும். கடலுக்குள் ஓர் எண்ணெய் வயலில் இப்படிக் கட்டி, பக்கத்துக் கிணறுதான் பாதிக்கப்படும் என்று கணித்தோம். கிணற்றைத் திறந்தபோது பக்கத்துக் கிணறு அசையவே இல்லை. வெகு தூரத்தில், யாரும் எதிர்பாராத ஒன்றில் அழுத்தம் சரிந்தது. வெடிப்பு போன திசை அது.

நம் ஊர்ப் பாறையின் உடம்பில் ஒன்றும் தேங்காது. தண்ணீர் முழுவதும் வெடிப்பில்தான். ஆகவே அருகில் இருப்பவன்தான் எடுக்கிறான் என்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற முடிவு. பூமிக்குக் கீழே கண் போகாது.

ஒரு சோதனை செய்யலாம். இரண்டு மோட்டார்களையும் நிறுத்தி, போரில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு சங்கிலியின் மோட்டாரை மட்டும் ஓட்டி உன் போரில் அளக்க வேண்டும். அவன் எடுப்பது உன் தண்ணீராக இருந்தால் உன் மட்டம் இறங்கும். இதற்கு நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். சேர்ந்து நின்று அளந்து அனுப்பினால் பார்க்கிறேன்.

தமிழ்மதி

*

சேவுகம்பட்டி
3 மார்ச் 2024

அக்காவுக்கு,

உன் சோதனைக்குச் சங்கிலியின் சம்மதம் வேண்டும். அவனிடம் போய்ப் பல்லிளிக்க என்னால் முடியாது. நானே ஒரு சோதனை செய்தேன்.

சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் போடுகிறவரிடம் சிவப்புப் பொடி வாங்கினேன். ஒரு சட்டி நிறையக் கரைத்து என் போருக்குள் ஊற்றினேன். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரையும் மேலே விட்டேன். மறுநாள் சங்கிலி மோட்டார் போட்டான். குழாயில் கோழி அறுத்த தண்ணீர் மாதிரி வந்தது. வரப்பில் நின்று பார்த்தேன். இதைவிட என்ன ருசு வேண்டும்?

அவன் பொண்டாட்டி விஷம் என்று கத்தி ஊரைக் கூட்டினாள். அவர்கள் கன்றுக்குட்டி அன்றைக்கே செத்தது. அது முந்தின வாரமே காய்ச்சலில் கிடந்தது. அதையும் என் தலையில் கட்டினார்கள். சங்கிலி என் வாசலுக்கே வந்தான்.

"ஏலே, தண்ணிக்குள்ள வெசத்தையா கொட்டுன?"

"சாயந்தான். ஏந்தண்ணிய நீ குடிச்சா செவப்பாத்தான் இருக்கும்" என்றேன்.

அத்தனை பேர் பார்க்கச் செவிட்டில் அறைந்தான். கீழே விழுந்தேன். எழுவதற்குள் விலாவில் மிதித்தான். பாக்கியராஜ் மச்சான்தான் வந்து இழுத்துப் போனார். அவருக்கே அன்று முகம் செத்துப்போயிருந்தது. "அடி வாங்கிட்டு வீட்ல படுத்தேன்னா நாளைக்கு ஒந்தோட்டமும் அவனுதுதான் மாப்ள" என்றார்.

இப்போதாவது எழுதி அனுப்பு. உன் தாள் வருகிற வரைக்கும் பொறுத்திருக்கிறேன். அதற்குள் அவன் என் வரப்பில் கால் வைத்தால் பொறுப்பு என்னுடையதல்ல.

அய்யனார்

*

திண்டுக்கல்
22 மார்ச் 2024

அய்யனாருக்கு, மாவட்டச் சிறை.

உன் கடிதமும் செய்தியும் ஒரே நாளில் வந்தன. விடுப்பு எடுத்து வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதிகாரிகள் பிரித்துப் படித்த பிறகே உன்னிடம் தருவார்கள் என்று அறிந்தே எழுதுகிறேன்.

சங்கிலியை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை தையல். வெட்டுப்பட்ட கையை யாரோ உன் சம்பங்கிப் பாத்தியிலிருந்து துண்டில் சுற்றி எடுத்து வந்தார்களாம். ஒட்டவைக்கும் நேரம் கடந்திருந்தது. அதைப் புதைப்பதா எரிப்பதா என்று அவன் மனைவி நர்சிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். நான் யார் என்று தெரிந்ததும் என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டேன்.

நீ சரணடையப் போன பிறகு அவன் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள். மோட்டார் ரூமைக் கொளுத்தினார்கள். பூச்செடி அவ்வளவையும் பிடுங்கிப் போட்டார்கள். ஒச்சம்மாளைத் தலைமுடியைப் பிடித்து அந்தப் பாத்திகளின் மேல் இழுத்துப்போய் மிதித்தார்கள். இரண்டு விலா எலும்புகள் உடைந்திருக்கின்றன. என்னோடுதான் தங்கியிருக்கிறாள். "என்னைய எதுக்கு மதினி அடிச்சாங்க, நாந்தான் அவருகிட்டயே அடி வாங்குறவளாச்சே" என்று கேட்டாள்.

உன் சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாயம் ஒரு பாதை இருப்பதைத்தான் காட்டும். அந்தப் பாதையில் யார் இழுக்கிறார் என்பதைக் காட்டாது. இரண்டு வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன என்று நீ கண்டுபிடித்தாய். திருடன் யார் என்று கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டாய்.

நீ வெட்டிய மறுவாரமே சங்கிலியின் போரும் வற்றிவிட்டது. அப்போது உன் மோட்டாரும் ஓடவில்லை, அவன் மோட்டாரும் ஓடவில்லை.

தமிழ்மதி

*

மாவட்டச் சிறை
2 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

இதை விடுதலையாகிப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆபீசில் பார்க்க மாட்டார்கள்.

நடந்ததை நீ என் வாயால் கேட்கவில்லை. அன்று காலை கேசிங் பைப்பின் மூடியைக் கழற்றிவிட்டுச் சங்கிலி என் போர் வாயில் நின்றான். கையில் தலையளவு கல். பக்கத்தில் இன்னும் ஒரு குவியல். போருக்குள் கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒரு கல் போதும். மோட்டாரோடு அடைத்துக்கொள்ளும், அப்புறம் அந்தத் துளை வெறும் சமாதி. பூ அறுக்கப் போனவன் கையில் அருவாள் இல்லாமல் போவேனா? முதல் வெட்டு முகத்தில் பட்டது. அப்போதும் கல்லை விடவில்லை. கல்லைப் பிடித்த கையை வெட்டினேன். கல்லும் கையும் வெளிப்பக்கம் விழுந்தன. போர் பிழைத்தது.

கழுத்துக்கு ஓங்கினேன். அருவாள் பிடி வழுக்கிவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம் என்று எழுதி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்து அதைக் கெடுத்தது.

அவன் போரும் வற்றியது நிசமா? அப்படியென்றால் யார்? நானும் இல்லை, அவனும் இல்லை என்றால் எவனோ ஒருவன் எங்கள் இரண்டு பேரையும் சண்டையில் விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்காகவா நான் உள்ளே கிடக்கிறேன்? கண்டுபிடி. இதுகூட முடியாத படிப்பு எதற்கு?

ஒச்சம்மாள் நேற்று மனுப் போட்டுப் பார்க்க வந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வக்கீலை மச்சான்தான் பிடித்திருக்கிறார். ஜாமீனுக்கு அவரே கையெழுத்துப் போடுகிறாராம். உடன்பிறந்தவள் துப்பறிகிறாள்; பொண்ணு கொடுத்தவன் சோறு போடுகிறான்.

அய்யனார்

*

சேவுகம்பட்டி
5 மே 2024

அய்யனாருக்கு,

மறுபடி விடுப்பில் வந்து சோதனையைச் செய்தேன். உன் போருக்கு ஒச்சம்மாள் அனுமதி தந்தாள். சங்கிலியின் போருக்கு அவனிடமே போய்க் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். சோறு மடியில் சிந்தியிருந்தது.

"யாரு இழுத்தான்னு தெரிஞ்சா எங்கை மொளைக்குமா?" என்றான்.

முளைக்காது என்றேன்.

"அப்பொறம் எதுக்கு?"

அடுத்த கை போகாமல் இருக்க என்றேன். மடியில் சிந்திய சோற்றை இடது கையால் பொறுக்கித் தட்டில் போட்டான். "அளந்துக்கங்க. ஆனா ஒங்க தம்பிய வெளிய விட்டீங்கன்னா, ஒத்தக் கையால எனக்கு என்னா முடியுமோ அதச் செய்வேன்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் நம்பினேன்.

கம்பிச் சுருளின் நுனி தண்ணீரைத் தொட்டால் மணியடிக்கும் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன். சுற்றியிருக்கிற மற்றத் தோட்டங்களின் போர்களிலும் அளந்தேன். ஒரு வாரம் நடந்தது. அடியில் மிச்சமிருந்த தண்ணீரை வைத்துச் சங்கிலியின் மோட்டாரை நாள் முழுதும் விட்டு விட்டு ஓட்டிப் பார்த்தேன். அது ஓடியதற்காக உன் போரில் மட்டம் கூடுதலாக இறங்கவில்லை. அவன் உன்னிடமிருந்து எடுத்தது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். இரண்டு போர்களும் சேர்ந்தே இறங்குகின்றன, சேர்ந்தே நிற்கின்றன. ஒரே வெடிப்பில் இருவரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வெடிப்பு வேறெங்கோ சரிகிறது.

மேற்கொண்டு கணக்கை வதோதராவுக்குப் போய்த்தான் முடிக்க வேண்டும். எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் கட்டும் பாறை மாதிரிக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் நீ ஒரு கேள்விக்குப் பதில் எழுது. முடிவாக ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

தமிழ்மதி

*

மாவட்டச் சிறை
14 மே 2024

அக்காவுக்கு,

இதையும் ஆள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதிலேயே பெயர் இருக்கிறது. இல்லையென்றால் கேட்க மாட்டாய்.

என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா? சங்கிலியை எங்கே விட்டேனோ அங்கிருந்து இன்னொருவனுக்குத் தொடங்குவேன். இந்தத் தடவை பிடியில் துணி சுற்றிக்கொள்வேன். ஒருவனை ஊனமாக்கிவிட்டு வந்திருக்கிறேன், அவன் தப்பே செய்யவில்லை என்கிறாய். இங்கே படுத்தால் அந்தக் கை கல்லைப் பிடித்தபடியே விழுவது தெரிகிறது. அதற்கு ஒருத்தன் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவன் வெளியில் நடமாடுகிறான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அடுத்த வாய்தாவில் ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். நீ பெயர் சொல்லாவிட்டால் உன் எண்களையெல்லாம் நான் நம்ப மாட்டேன். என் கண்ணால் பார்த்தது சிவப்புத் தண்ணீர். அது சங்கிலி குழாயில் வந்தது. எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். வெளியே வந்த அன்றைக்கே அவனுடைய மிச்சக் கையையும் கழுத்தையும் எடுத்துவிட்டு நேராக இங்கேயே திரும்பி வருவேன். சொன்னால் ஒருவன். சொல்லாவிட்டால் சங்கிலி. நீ படித்தவள், நீயே தேர்ந்தெடு.

அய்யனார்

*

வதோதரா
24 மே 2024

அய்யனாருக்கு,

கணக்கு முடிந்தது. நீ முதலில் கேட்டபடி என் படிப்பு, பதவி, கையொப்பம் எல்லாம் இட்ட தாளை இதனுடன் இணைத்திருக்கிறேன். சுருக்கமாக இங்கேயும் எழுதுகிறேன்.

உன் தண்ணீரை எந்த மனிதரும் எடுக்கவில்லை.

நான் அளந்த வாரத்தில் மும்முனை மின்சாரம் பலமுறை நின்றது. தோட்டங்களில் மோட்டார்கள் அத்தனையும் நின்றன. அப்போதும் உன் போரிலும் சங்கிலியின் போரிலும் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. மின்சாரம் இருந்தபோது எந்த வேகத்தில் இறங்கியதோ அதே வேகத்தில். மோட்டார் ஓடாத வேளையில் தண்ணீர் இறங்குமானால் அதைப் பாறைதான் விடுகிறது. ஆழத்தில் வெடிப்பு விரிந்து, தண்ணீர் இன்னும் கீழே, எவருக்கும் எட்டாத இடத்துக்குப் போகிறது. எண்ணெய் வயல்களிலும் இது நடப்பதுண்டு. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகவே பெயர் இல்லை. சங்கிலியும் இல்லை, வேறு யாரும் இல்லை. வெட்டுவதற்கு ஆள் கிடையாது. இதை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஒச்சம்மாளை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். இங்கே கொஞ்ச காலம் இருப்பாள். மூச்சு விடும்போது வலி குறைந்திருக்கிறது.

அக்கா

*

மாவட்டச் சிறை
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. வார்டர் எனக்கு முன்னால் படித்துவிட்டு, "பூமாதேவியே குடிச்சிட்டான்னா யார்யா கேக்குறது" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு நாள் முழுக்க நம்பினேன். அந்த ஒரு நாள் நன்றாகத் தூங்கினேன்.

உனக்குப் பொய் வரவில்லை அக்கா. ஆளை மறைக்கத் தெரிந்த உனக்கு அளவை மாற்றி எழுதக் கை வரவில்லை. கரண்டு நின்ற பிறகும் தண்ணீர் இறங்கியது என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாய். உள்ளே கிடக்கிறவனுக்கு ஊர் நிலவரம் தெரியாது என்று நினைத்திருப்பாய். ஏப்ரலில் என்னைப் பார்க்க வந்த ஒச்சம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் அண்ணன் பெரிய ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறாராம். தோப்பில் புதுசாகப் பெரிய மோட்டார் இறக்கி, டவுனுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் அனுப்புகிறாராம், கரண்டு போனாலும் கவலையில்லையாம். கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். நம் பக்கத்தில் கரண்டு நின்ற பிறகு ஓடுகிற மோட்டார் அது ஒன்றுதான்.

மச்சான் வாய்தாவுக்கு வந்திருந்தார். ஜாமீன் பத்திரம், பிஸ்கட் பாக்கெட், ஒரு புதுச் சட்டை. வராந்தாவில் போலீஸ்காரர் என் கையைப் பிடித்திருந்தார். மச்சான் கிட்டே வந்து தோளில் கை வைத்தார். நான் மெதுவாகத்தான் கேட்டேன்.

"மச்சான், செவப்புத் தண்ணி ஒங்க தோப்புல எத்தன நாளு வந்துச்சு?"

"ரெண்டு நாளுதான் மாப்ள" என்றார். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

கை பிடிபட்டிருந்ததால் தலையால் இடித்தேன். மூக்கு நொறுங்குவது என் நெற்றிக்குத் தெரிந்தது. விழுந்தவரின் மேல் விழுந்து காதைக் கடித்தேன். மூன்று போலீஸ்காரர்கள் லத்தியால் அடித்துப் பிரித்தார்கள். என் வாயில் அவர் காதின் துண்டு இருந்தது, துப்பினேன். அவர் ரத்தத்தோடு உட்கார்ந்துகொண்டு, "கேஸெல்லாம் வேணாங்கய்யா, நம்ம மாப்ளதான், கோவத்துல செஞ்சுட்டாரு" என்று போலீசிடம் கும்பிட்டார். அப்போதும் ஜாமீன் பத்திரம் அவர் மடியில் இருந்தது. சிவப்புத் தண்ணீரை ரகசியமாக ஓடையில் திறந்துவிட்ட கையோடு, விலாவில் மிதிபட்டுக் கிடந்த என்னிடம் வந்து, விடாதே என்று சொன்னவர் அவர். என் கையால் சங்கிலியை வெட்ட வைத்தவர்.

வக்கீலைக் கூப்பிட்டு ஜாமீன் மனுவை வாபஸ் வாங்கச் சொன்னேன். பைத்தியமா என்றார். பல்லும் தலையும் மட்டும் இருந்தபோது இவ்வளவு. வெளியே வந்தால் அருவாள் இருக்கும் என்றேன். வாபஸ் வாங்கிவிட்டார். கேஸ் முடிகிற வரைக்கும் நான் இங்கேதான். சங்கிலியிடம் சொல்லிவிடு, அந்த ஒற்றைக் கைக்கு இனி வேலை இல்லை என்று. என் போரை அவன் கேட்டால் எடுத்துக்கொள்ளட்டும், வற்றியது வற்றியதுதான்.

நீ வைத்திருக்கிற நிசமான கணக்கைக் கலெக்டர் ஆபீசில் கொடு. இனி பெயரை மறைக்க வேண்டாம்.

ஒச்சம்மாளை அனுப்பாதே. சாயம் ஓடிய அந்த இரண்டு நாளும் அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள், சம்பங்கிக்கு விதைக்கிழங்கு எடுக்கப் போயிருந்தாள். தோப்பில் என்ன நிறத்தில் தண்ணீர் ஓடியது என்று அவள் பார்த்தாளா, பார்க்கவில்லையா? அவளிடம் நீ கேட்டுக்கொள்.

கேட்டுத் தெரிந்தால் எனக்கு எழுதாதே.

அய்யனார்